நைல் நதிப் படகு வீடும் மை தீர்ந்த பேனாவும்

காஹிரா நகரில், சுகாதார அமைச்சகத்தின் ஆவணப் பிரிவில், அனீஸ் ஸகீ என்னும் குமாஸ்தா ஒருவன். அலுவலகத்துக்கு வந்த தபால்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுமாறு மேலதிகாரி அவனைப் பணிக்கிறார். அவனும் எழுதி அனுப்பிவிடுகிறான். பிறகு மேலதிகாரியின் அறைக்கு வருமாறு அழைப்பு. தாள்கள் அவன் முன்னே நீட்டப்படுகின்றன. தொடக்கத்தில் எழுத்துகள் நன்றாகவே இருக்கின்றன. போகப் போக மங்குகின்றன. அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத்தாள்! பேனாவில் மை தீர்ந்து போனதை அறியாமலேயே பக்கம் பக்கமாக எழுதி முடித்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். இஃது எப்படி நடந்தது என்று கேட்கிறார் அதிகாரி. அவன் என்ன சொல்வான்? ஹஷீஷ் எனப்படும் கஞ்சாப் பிசினின் புகை அவன் தலைக்குள் மண்டிக் கிடந்தது என்று சொல்ல முடியுமா?

படிப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. நாமும் சிரித்தோம். நஜீப் மஹ்ஃபூழ் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸர்ஸரா ஃபவ்கந் நீல்’ என்னும் அரபு நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. ‘நைலின் மேல் வீண் பேச்சு’ என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். சிரிக்க வைத்துக்கொண்டே போய், முடிவில் ஒரு பிணத்தின் முன்னால் நம்மை நிறுத்திவிடும் நூல் அது.

போதையில் மூழ்கியவர்களைப் பற்றிய வேடிக்கைக் கதையை, தாய்மாரும் பிள்ளைகளும் படிக்கும் ஏட்டில் எடுத்துப் பேசலாமா என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அன்பரும் நம்மைப் போலவே மதரஸாவில் ஓதியவர். ஹரீரீயின் ‘மகாமாத்’தை அவரும் மனனம் செய்தவர். அதை அவருக்கு நினைவூட்டினோம்.

பஸராவைச் சேர்ந்த ஹரீரீ (ஹிஜ்ரி 446 - 516; கி.பி. 1054 - 1122) எழுதிய ஐம்பது மகாமாக்களில் பன்னிரண்டாவது, திமிஷ்கு நகரிலிருந்து இராக்கை நோக்கிப் புறப்படும் ஒரு பயணக் கூட்டத்தைப் பற்றியது. வழியில் கொள்ளையர் பயம்; காவலுக்கு ஆள் இல்லை. துறவிக் கோலத்தில் ஒருவர் வருகிறார். கனவில் தமக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு துஆ இருக்கிறது, அதை ஓதினால் எந்தத் தீங்கும் அணுகாது என்கிறார். அவரை நம்பிக் கூட்டம் புறப்படுகிறது. ஆனா என்னும் ஊரை நலமாக அடைந்ததும் கைநிறையப் பொருள் பெற்றுக்கொண்டு மனிதர் மறைந்துவிடுகிறார். தேடிப் போனால் எங்கே இருக்கிறார்? மதுக்கடையில்! சாடிகளுக்கும் யாழ்களுக்கும் நடுவில்! அவர்தாம் அபூ ஸைத் சரூஜீ. இந்த மகாமாவை எங்கள் உஸ்தாத் விட்டுவிடாமல் ஓதிக் கொடுத்தார்கள். நாங்கள் சிரித்தபோது அவர்களும் சிரித்தார்கள். பிறகு, அபூ ஸைதின் சொந்த ஊர் எது, அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்பத்தெட்டாவது மகாமாவை ஓதும்போதுதான் விடை கிடைத்தது. சிலுவைப் போர்களின் தொடக்கக் காலத்தில் பரங்கியர் கையில் வீழ்ந்த சரூஜ் நகரத்து அகதி அவர். ஊரிழந்தவர், பெற்ற மகளைச் சிறை கொடுத்தவர். மதுக்கடையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை அதற்குப் பிறகு நாங்கள் முன்போல் பார்க்கவில்லை. ஐம்பதாவது மகாமாவில் அவர் பஸராப் பள்ளிவாசலில் தவ்பாச் செய்து அழுகிறார். மகாமாத் அங்கே நிறைவு பெறுகிறது.

மற்றொரு சான்றும் உண்டு. மங்கோலியரின் அழிவுக்குப் பின் மவ்ஸில் நகரிலிருந்து இளைஞராகக் காஹிராவுக்கு வந்து சேர்ந்தவர் இப்னு தானியால். கண் மருத்துவர். ஃபுதூஹ் வாயிலின் உட்புறம் அவருக்கு ஒரு கடை. மக்களின் கண்ணிலிருந்து காசு எடுத்துப் பிழைப்பவன் நான் என்று தம் தொழிலைத் தாமே கேலி செய்துகொண்டவர். அவர் வந்த நாளில் சுல்தான் பைபர்ஸ் மதுக்கடைகளையும் ஹஷீஷ் விற்கும் இடங்களையும் அழித்துக்கொண்டிருந்தார். இப்னு தானியால் என்ன செய்தார் தெரியுமா? தம் தோற்பாவைக் கூத்தில், ஊரைவிட்டு விரட்டப்பட்ட இப்லீசுக்கு ஒப்பாரி பாடினார்! ‘தைஃபுல் கயால்’ என்னும் அக்கூத்தின் நாயகன், குடியிலும் கேளிக்கையிலும் வாழ்ந்து கெட்ட விஸால் என்னும் படைவீரன். அவனும் இறுதியில் தவ்பாச் செய்து ஹிஜாஸுக்குப் புறப்படுகிறான். ஹிஜ்ரி 710இல் இப்னு தானியால் காலமானார்.

ஆகவே, போதையில் ஒளிந்துகொள்ளும் மனிதனைக் காட்டிச் சிரிக்க வைப்பது அரபு இலக்கியத்துக்குப் புதிதன்று. அந்தச் சிரிப்பின் முடிவில் தவ்பா காத்திருந்தது. மஹ்ஃபூழின் நாவலில் அது காத்திருக்கவில்லை. அந்த வேறுபாடுதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

காஹிராவுக்கும் ஹஷீஷுக்கும் உள்ள பழைய உறவை அறியாமல் இந்நாவலை விளங்கிக்கொள்வது கடினம். அவ்வுறவைச் சொல்பவர் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (இறப்பு ஹிஜ்ரி 845, கி.பி. 1442). தம் ‘கிதத்’ நூலில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். குராஸானில் வாழ்ந்த ஷைகு ஹைதர் என்னும் துறவி மலைப்பக்கம் உலாவியபோது இந்தச் செடியைக் கண்டு தம் சீடர்களுக்குக் காட்டினார் என்று அவர் காலத்தில் வழங்கிய கதையையும் குறித்து வைத்திருக்கிறார். அதனால் ‘ஃபக்கீர்களின் புல்’ என்று இதற்குப் பெயர். மதுவுக்கு விலை உண்டு. இப்புல்லை ஏழையும் வாங்கலாம். காஹிராவின் ‘அர்ளுத் தப்பாலா’ என்னும் பகுதி இதற்குப் பேர் போனது. ஹிஜ்ரி 780ஐ ஒட்டி ஸூதூன் அஷ்ஷைகூனீ என்னும் அமீர் அங்கே புகுந்து இருந்ததையெல்லாம் அழித்தார். பிடிபட்டவர்களின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கச் செய்தார். பல் போயிற்று, பழக்கம் போயிற்றா? இல்லை. ஹிஜ்ரி 795இல் தைமூருக்கு அஞ்சிப் பக்தாதிலிருந்து ஓடிவந்த சுல்தான் அஹ்மத் இப்னு உவைஸின் ஆட்கள் காஹிராவில் வெளிப்படையாகவே அதை உட்கொண்டார்கள் என்றும், பிறகு நகரத்தாருக்கும் வெட்கம் விட்டுப்போயிற்று என்றும் மக்ரீஸீ மனம் நொந்து எழுதுகிறார். இங்கும் நாம் காண்பது அகதிகளையே!

மார்க்க அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபகத்தில் அறியப்படாத இப்பொருளைப் பற்றி அவர்கள் ஆராய்ந்து தீர்ப்பளித்தார்கள். போதை தரும் யாவும் மதுவின் வகையே என்னும் நபிமொழி அவர்களுக்கு அடிப்படை. இப்னு தைமிய்யா (இறப்பு ஹிஜ்ரி 728) கடுமையாகத் தடுத்தார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் ஸர்கஷீ (இறப்பு ஹிஜ்ரி 794) ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே இயற்றினார்கள். பின்னாளில் படையெடுத்து வந்த பிரெஞ்சுக்காரர்கள்கூட 1800ஆம் ஆண்டில் தங்கள் படையினரைக் காக்கத் தடை விதித்தார்கள். 1868இல் எகிப்து அரசு தடுத்தது. 1925இல் ஜெனீவா மாநாட்டில் உலகத் தடைப்பட்டியலில் ஹஷீஷையும் சேர்க்க வேண்டுமென்று வாதாடி வென்றவர் எகிப்தின் பிரதிநிதியே. இத்தனைக்கும் பிறகு, 1966இல் ஒரு நாவலாசிரியர் சுகாதார அமைச்சகத்து ஊழியனையே புகை மண்டிய தலையோடு நம்முன் உட்கார வைக்கிறார்!

திருக்குர்ஆன் இதனை அணுகிய முறையை ஈண்டு எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அல்பகராவின் 219ஆம் வசனம், மதுவில் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு, ஆயினும் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று உரைக்கிறது. முழுத் தடை அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களில் வந்தபோது மதீனாவின் தெருக்களில் மது ஊற்றி விடப்பட்டது. பிடுங்குவாரும் அடிப்பாரும் இல்லாமல் தாமே ஊற்றினார்கள். குடிப்பவன் அதில் எதையோ தேடுகிறான் என்பதை மறுக்காமல், தேடியதைவிட மேலான ஒன்றை உள்ளத்தில் ஊன்றிய பின்னரே தடை இறங்கிற்று. ஸூதூனிடம் குறடுதான் இருந்தது.

அனீஸ் ஸகீ எதைத் தேடினான்? நாட்டுப்புறத்திலிருந்து படிக்க வந்தவன். மருத்துவம், விஞ்ஞானம், சட்டம் என்று ஒவ்வொரு கல்லூரியாக நுழைந்து ஒன்றையும் முடிக்கவில்லை. மனைவியும் சிறு மகளும் ஒரே மாதத்தில் இறந்து போனார்கள். இருபது ஆண்டுகளாக அவனுக்கு அந்தத் தாள்களும் தூசியும்தாம். மாலையானால் நைல் நதியில் கட்டிக்கிடக்கும் படகு வீடு. நண்பர்கள் வந்து கூடுகிறார்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் கலை விமர்சகர், ஒருவர் சிறுகதை எழுத்தாளர், ஒருவர், ரஜப் அல்காழீ என்னும் சினிமா நடிகர். பெண்களும் உண்டு. ஹுக்கா சுற்றி வரும். சில வேளை மதுவும் வரும். ஹுக்காவைத் தயார் செய்து நெருப்பு வைக்கும் ‘பதவி’ அனீஸுக்கு. அலுவலகத்தில் இல்லாத பொறுப்புணர்ச்சியை அவன் இதில் காட்டுகிறான் என்பது மஹ்ஃபூழின் குறும்பு!

அவர்கள் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் பேசுகிறார்கள், எதையும் கருதிப் பேசுவதில்லை. அனீஸ் மட்டும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவன் நிறையப் படித்தவன், அதிலும் வரலாறு. புகையேற ஏற ஃபிர்அவ்ன்களும் கலீஃபாக்களும் அவனோடு பேச வந்துவிடுகிறார்கள். ஒருநாள் நைல் நீரிலிருந்து ஒரு திமிங்கலம் தலை நீட்டி, யூனுஸ் (அலை) அவர்களைக் காப்பாற்றியது தானே என்று அறிமுகம் செய்துகொண்டு மூழ்கிவிடுகிறது. சிரிப்பு வருகிறது. ஆனால் அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தை ஓதியவருக்கு அடுத்த நொடியில் வேறொன்றும் தோன்றும். யூனுஸ் நபி அவர்கள் மீனின் வயிற்றில் இருந்தபடி இறைவனைத் துதித்தார்கள், கரை சேர்ந்தார்கள். இந்தப் படகின் வயிற்றில் இருப்பவர்களோ கரையை அடைய விரும்பவே இல்லை. ஆசிரியர் இதைக் கருதினாரா என்பது வேறு. நமக்கு அப்படித் தோன்றிற்று.

படகைக் காக்கும் முதியவர் அம்மு அப்துஹ். ‘அம்மு’ என்றால் தந்தையின் உடன்பிறந்தார். எகிப்தில் வயதில் மூத்தவரை விளிக்கும் சொல். பனைமரம் போல் உயர்ந்த உருவம். கரையில் சிறிய தொழுமிடம் ஒன்றைக் கட்டிப் பாங்கு சொல்லி, இமாமாக நின்று தொழுகையும் நடத்துகிறார். அதே கையால் படகிலிருப்பவர்களுக்கு ஹஷீஷ் வாங்கி வந்து தருகிறார். அதைவிட இழிந்த தேவைக்கும் போய் ஆள் அழைத்து வருகிறார். இவரைப் படைத்ததற்காக மஹ்ஃபூழின் மேல் சினங்கொண்டவர்கள் உண்டு. முதன்முறை படித்தபோது நமக்கும் நெஞ்சு சுட்டது. தொழ வைப்பவரை இப்படியா காட்டுவது! மறுமுறை படித்தபோது, அம்மு அப்துஹ் கேலிக்காக நிறுத்தப்பட்டவர் அல்லர் என்று பட்டது. அந்தப் படகில் நிலைத்து நிற்பவர் அவர் ஒருவரே. தாம் கயிற்றைக் கவனிக்காவிட்டால் படகு ஆற்றோடு போய்விடும் என்பதை அறிந்தவர் அவர். தொழுகையை ஒரு புறமும் வேலையை ஒரு புறமும் வைத்து, இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு அமைதியாக வாழ்கிறார். புகை பிடிக்காமலேயே தப்பித்துக்கொள்ளும் வழி அது. அந்தச் சுவர் படகு வீடுகளில் மட்டுந்தான் உண்டா?

ஸமாரா பஹ்ஜத் என்னும் பத்திரிகைக்காரப் பெண் இக்கூட்டத்தைக் காண வருகிறாள். அவள் புகைப்பதில்லை. இவர்களை வைத்து ஒரு நாடகம் எழுத எண்ணி, யார் எதிலிருந்து ஓடுகிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதி வைக்கிறாள். அக்குறிப்பேட்டை அனீஸ் திருடிப் படித்துவிடுகிறான். தன்னைப் பற்றிய குறிப்பைத் தானே படிக்கும் அந்த இடம் நாவலில் மிகச் சிறந்த நகைச்சுவை, மிகவும் கசப்பானதும்கூட.

பிறகு வருகிறது அந்த இரவு. ஹிஜ்ரத் ஆண்டுப் பிறப்பு நாள் விடுமுறை. நாமும் ஒரு ஹிஜ்ரத் செய்வோமே என்று வேடிக்கை பேசிக்கொண்டு எல்லாரும் ரஜபின் காரில் ஏறி ஸக்காரா பக்கம் போகிறார்கள். திரும்பும்போது, இருட்டில், கார் வெறிகொண்டு பறக்கிறது. யார் மீதோ மோதுகிறது. அலறல் ஒன்று கேட்கிறது. இறங்கிப் பார்க்கலாமா? போலீசுக்குச் சொல்லலாமா? பேரும் தொழிலும் என்னாவது! கார் நிற்காமல் படகுக்குத் திரும்புகிறது. மறுநாள் பத்திரிகையில், அடையாளம் தெரியாத ஒருவரின் உடல் கிடந்ததாகச் சிறு செய்தி.

மஹ்ஃபூழ் ஆண்டில் எத்தனையோ இரவுகளை விட்டு இந்த இரவை ஏன் தேர்ந்தார்? ஹிஜ்ரத் என்பதும் ஓரிடத்தை விட்டு நீங்குவதுதான். மக்காவை விட்டு நீங்கினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். புறப்படுமுன், தம்மிடம் மக்கா வாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளுக்கும் பொறுப்பேற்ற பின்பே நீங்கினார்கள். படகு வீட்டாரோ சாலையில் துடித்த ஓர் உயிரை விட்டுவிட்டு நீங்கினார்கள். இரண்டும் நீங்குதல்தான். ஒன்றிலிருந்து ஓர் ஆண்டுக்கணக்கே தொடங்கிற்று.

அதற்குப் பின் நடப்பதே நாவலின் உயிர். இருபது ஆண்டுகளாகத் தெளியாத அனீஸின் தலை தெளிகிறது. அலுவலகத்தில் மேலதிகாரியோடு மோதி, வேலைக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறான். படகில், ரஜப் நையப் புடைத்தும் அடங்காமல், கொலையைச் சொல்லியாக வேண்டும் என்று நிற்கிறான். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். எழுத்தாளருக்கு அறம் தெரியும். ஸமாராவுக்கோ இவர்கள் எல்லாரையும் தெரியும். அவளும் தடுமாறுகிறாள். உண்மையைச் சொல் என்கிறவன், பேனாவில் மை இருக்கிறதா இல்லையா என்பதையே அறியாதிருந்த அந்தக் குமாஸ்தா!

நூலாசிரியரும் ஒரு குமாஸ்தாவே என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1911இல் காஹிராவின் ஜமாலிய்யாப் பகுதியில் பிறந்த மஹ்ஃபூழ், 1934 முதல் 1971 வரை அரசுப் பணியில் இருந்தார். நெடுங்காலம் வக்ஃபு அமைச்சகத்தில். அந்தத் தாள்களின் வாசனை அவருக்குத் தெரியும். அவருடைய எல்லா நூல்களிலும் நமக்கு உடன்பாடு இல்லை. 1959இல் வந்த ‘அவ்லாது ஹாரத்தினா’வை மார்க்க அறிஞர்கள் கண்டித்ததில் நியாயம் உண்டென்றே கருதுகிறோம். ஆனால் 1994இல் எண்பத்திரண்டு வயது முதியவரின் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சியது எந்த மார்க்கத்திலும் சேராது. 1988இல் நோபல் பரிசு பெற்ற அவர் 2006இல் காலமானார்.

‘ஸர்ஸரா’ வெளிவந்தபோது சினந்தவர்கள் ஆட்சியாளர்கள். படைத்தளபதி அப்துல் ஹகீம் ஆமிர் இதைக் கண்டு கொதித்தார் என்றும், அதிபர் ஜமால் அப்துல் நாஸிர் நூலைக் கலாசார அமைச்சர் ஸர்வத் உகாஷாவிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார் என்றும், உகாஷா எழுத்துரிமைக்காகப் பேசியதால் தாம் தப்பியதாகவும் மஹ்ஃபூழ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தளபதியின் கோபத்துக்குக் காரணம் ஹஷீஷ் அன்று. படித்தவர்கள் ஏன் இப்படி ஒளிந்துகொள்கிறார்கள், பேச்சுக்கு இடமில்லாத நாட்டில் வீண் பேச்சைத் தவிர வேறு என்ன பேசுவார்கள் என்று நாவல் கேட்காமல் கேட்கிறது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஆறே நாட்களில் எகிப்து ஸீனாயை இழந்தது. பைத்துல் முகத்தஸ் கைவிட்டுப் போயிற்று. வெற்றிச் செய்திகளை வானொலியில் கேட்டு மயங்கியிருந்த அரபு மக்கள் விழித்தபோது தாள்கள் வெள்ளையாய்க் கிடந்தன. ஆமிர் அந்த ஆண்டு செப்டம்பரில் மாண்டார்.

1971இல் இந்நாவலை ஹுசைன் கமால் திரைப்படமாக்கினார். அதில் அம்மு அப்துஹ் கயிற்றை அவிழ்த்துவிட, படகு ஆற்றோடு போகிறது. அனீஸ் தெருவில் இறங்கி, குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கூவிக்கொண்டு நடக்கிறான். பார்ப்பவருக்கு ஆறுதல் தரும் முடிவு. உண்மையான படகு வீடுகளும் பின்னாளில் போயின. கிட்கட் பகுதிக் கரையில் எஞ்சி நின்றவற்றை 2022இல் அரசு அகற்றிவிட்டது.

நாவலின் முடிவு வேறு. நண்பர்கள் கலைந்து போகிறார்கள். ஸமாரா மட்டும் எதிரில் உட்கார்ந்து வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறாள். அம்மு அப்துஹ் காப்பி கொண்டுவருகிறார்; வழக்கமான கலவையோடு. அனீஸ் குடிக்கிறான். அவள் சொற்கள் மெல்ல மெல்ல எட்டப் போகின்றன. மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று, கையில் தடியும் கல்லும் ஏந்தி, முடிவில்லாத பாதையில் எச்சரிக்கையோடு நடந்துபோன கதையை அவன் தனக்குள் முணுமுணுக்கத் தொடங்குகிறான். ஆதம் (அலை) அவர்களின் மக்களாகிய நாம் அக்கதையை ஏற்பதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் அந்தக் காப்பிக் கோப்பையை நம்மால் மறக்க முடியவில்லை. அதைக் கொண்டுவந்து வைத்த முதியவர் அடுத்த வேளைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கரைக்குப் போயிருப்பார்.